கல் ஏற்றிய டிராக்டர்

டிப்போ வாசல் டீக்கடையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எந்த ஊரோ தெரியவில்லை, தெரு முழுக்க வெள்ளம். அதில் ஒரு கார், ஓட்ட ஆளில்லாமல், தன்பாட்டுக்கு முக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, நெசமாவே மிதக்குதா, இல்ல எடிட்டிங்கா? டன் கணக்குல இருக்கும்ல."

"பஸ்ஸே மிதக்கும்" என்றேன்.

"சும்மா கெடங்கண்ணே. பஸ்ஸு என்ன பலூனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உட்கார முடியவில்லை. ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை கேட்டிருந்தார்கள். டீசல் சிக்கனத்தைப் பற்றி எழுதிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். சர்க்கரை கண்ணுக்கு ஏறியதால் ஓய்வுபெறும் வயது வருவதற்கு முன்பே வேலையை விட்டவன் நான். நீளமாக எழுதினால் கண் கூசும். ஆனால் அந்தக் கார் மனசுக்குள் மிதந்துகொண்டே இருந்தது. சரி, தண்ணீரைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புது ஓட்டுநருக்கு ஒரு பதில். வீட்டில் ஒரு சம்படம், மூடி போட்ட தகர டப்பா, இருந்தால் மூடியை இறுக்கி மூடித் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். அதையே சுத்தியலால் சப்பையாக நசுக்கிப் போடுங்கள். மூழ்கும். தகரம் அதே தகரம், எடை அதே எடை. அது அடைத்துக்கொள்ளும் இடம்தான் குறைந்துவிட்டது. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்கு அதைத் தண்ணீர் மேலே தூக்கும். தூக்குகிற பலம் பொருளின் எடையை எட்டிவிட்டால் பொருள் மிதக்கும். அவ்வளவுதான் கணக்கு. பேருந்து ஒரு பெரிய சம்படம். மழைக்குக் கதவை அடைத்து, ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டோமென்றால் மூடியும் போட்டாயிற்று. கீழே ஆறு சக்கரம், ஆறிலும் காற்று. பாதி காலியான டீசல் டாங்க், அதிலும் காற்று. தளத்துக்கு மேல் ஒரு முழம் தண்ணீர் ஏறினால் பத்து டன் அளவுக்குத் தண்ணீரே தூக்கிவிடும். முழுசாக மிதக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாதி எடையைத் தண்ணீர் வாங்கிக்கொண்டாலே சக்கரத்துக்குப் பிடி போய்விடும். பிறகு வண்டி நம்முடையதில்லை, ஆற்றினுடையது.

பயிற்சியில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. "தண்ணி முதப் படிய நனைச்சா நிப்பாட்டு, ஏன்னு கேக்காத" என்று மட்டும் சொன்னார்கள். நாங்களும் கேட்கவில்லை.

நான் பெரும்பாலும் ஓட்டியது கடமலைக்குண்டுக்கு மேலே, மலையடிவாரக் கிராமங்களுக்குப் போகும் தடம். இடையில் ஒரு காட்டாறு, அதன்மேல் தரைப்பாலம். வருசம் முழுக்க மணலும் சாரைப்பாம்பும் கிடக்கும் ஆறு. மேலே மலையில் மழை இறங்கினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே செக்கச்செவேலென்று வந்து நிற்கும்.

அதைத் தாண்டுவதற்கு ஒரு முறை இருந்தது. பாலத்துக்கு நன்றாக முன்னாலேயே வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநர் கம்போடு இறங்கிப் பாலத்தின் நடு வரைக்கும் தட்டிப் பார்த்துக்கொண்டே போய்வர வேண்டும். ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் நட்டிருக்கும். அவற்றின் தலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் இலையும் சுள்ளியும் வந்தால் ஏறுகிற தண்ணீர். நுரை ஓரமாக ஒதுங்கி நின்றால் இறங்குகிற தண்ணீர். இறங்கியது என்றால் முதல் கியர். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது, கியரைத் தொடக் கூடாது. முக்கியமாக, கண் அக்கரையில் இருக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால், தண்ணீர் வருகிற பக்கம் வண்டி நகர்வதுபோல் ஒரு மயக்கம் வரும். கை தன்னால் ஸ்டீயரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடிக்கும்.

தண்ணீர் வண்டியைத் தூக்கும் என்பதை நான் உடம்பால் தெரிந்துகொண்டது வேலைக்குச் சேர்ந்த புதிதில். பாண்டியண்ணன் என்கிற மூத்த ஓட்டுநரோடு தடம் பழகப் போயிருந்தேன். அவர் ஓட்ட, நான் இஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்திருந்தேன். கற்களின் தலை லேசாகத் தெரிந்தது, அண்ணன் வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். பாதிப் பாலத்தில் பின் சீட்டுப் பெண்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தளத்தின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அப்போது என் உட்காருமிடத்தில் ஒன்று உணர்ந்தேன். வண்டியின் பின்பக்கம், உறங்கப் போகிறவன் தலையைப்போல, மெல்ல, எந்தச் சத்தமும் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்ந்தது. பாண்டியண்ணன் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். அது காற்றில் சுற்றுவதுபோலச் சுற்றியது. அந்த நேரத்தில் ஏழெட்டு டன் இரும்புக்கு எடையே இல்லை. பிறகு பின்கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் மடமடவென்று உள்ளே பாய்ந்தது. பாய்ந்ததும் பின்பக்கம் கனத்து உட்கார்ந்தது. சக்கரம் கான்கிரீட்டைக் கவ்வியது. ஏறிவிட்டோம்.

பயணிகளில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பெரியவர் வாழைத்தாரிலிருந்து ஒரு சீப்பை ஒடித்து, "டிரைவருன்னா இவருய்யா" என்று பாண்டியண்ணன் மடியில் வைத்தார். அண்ணன் அதைத் தொடவே இல்லை. டீக்கடையில் என் காதோடு சொன்னார்: "உள்ள வந்த தண்ணிதான்டா காப்பாத்துச்சு. வரலைன்னா போயிருப்போம்."

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் என்றால் ஒன்றே ஒன்றுதான். தூக்கிவிடும். இதை அறிவு என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அது பாதி அறிவு, பாதி பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற நேரம் வந்தபோது என்னால் முடியவில்லை.

பல வருசம் கழித்து, ஒரு ஐப்பசி மதியம். மலையடிவாரக் கிராமங்களிலிருந்து கடமலைக்குண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். என் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெண். ஒச்சம்மா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரை எழுத மனமில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் மூடி போட்ட ஒரு சின்னத் தூக்குச்சட்டி. கடமலைக்குண்டில் அவள் ஆத்தா சாகக் கிடந்தாள். காலையில் தம்பி ஆள் விட்டிருந்தான். மற்ற பிள்ளைகள் எல்லாம் வாயில் பால் ஊற்றிவிட்டார்கள், மூத்தவள் இவள் ஒருத்திதான் பாக்கி. மகள் கையால் ஒரு சங்கு பால் இறங்கிவிட்டால் ஆத்தா நிம்மதியாகப் போவாள் என்று, தன் வீட்டு மாட்டுப் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஏறியிருந்தாள்.

பாலத்துக்கு வந்தால் ஆறு வந்திருந்தது. நடத்துநர் தானியேல் கம்போடு போய்த் தொடை வரைக்கும் நனைந்து திரும்பினான். எப்போதும் விளையாட்டுப் பேச்சுப் பேசுகிறவன், அன்று நேராக விஷயத்துக்கு வந்தான்.

"கல்லு தல தெரியுது. ஆனா எலயும் தழையுமா வருது. நீதேன் சொல்லணும்" என்றான்.

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வண்டியை விட்டால் தண்ணீர் முதல் படியைத் தாண்டும். திரும்பி வந்து இஞ்சினை அணைத்தேன்.

"வண்டி போகாது. வடியட்டும்."

பஸ் கொதித்தது. பின் சீட்டு முழுக்க மூட்டை அடுக்கியிருந்த ஒரு இலவம்பஞ்சு வியாபாரிதான் முதலில் ஆரம்பித்தார்.

"ஏலே தானியேலு, ஒங்க டிரைவருக்கு ஒரு நீச்ச டியூப் வாங்கிக் குடுறா. இல்லாட்டி எம் பஞ்சு மூட்டையில ஒண்ண வயித்துல கட்டிவிடு. ஆயுசுக்கும் முங்க மாட்டாரு."

"இந்தத் தண்ணியில பொம்பளைக துணி அலசிட்டுப் போவாளுகப்பா" என்றார் இன்னொருவர்.

"அவுக வீட்டுக்காரம்மா வந்து கையப் புடிச்சாத்தேன் தாண்டுவாக போல."

சிரிப்பு. அந்த நேரம் எனக்கு உண்மையில் ஒரு கர்வம்கூட இருந்தது. இவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற கர்வம்.

ஒச்சம்மா மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "அண்ணே, ஆத்தா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. எப்பண்ணே வடியும்?"

"பாப்பம்த்தா. இப்பப் போனா நம்மளையும் சேத்து இழுத்துரும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் அந்த டிராக்டர் வந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு இளவட்டம் ஓட்டி வந்தான். டிரெய்லர் நிறைய அஸ்திவாரக் கல், பலகை விளிம்பு வரைக்கும். இறங்கித் தண்ணீரைப் பார்த்தான், காறித் துப்பினான், திரும்ப ஏறினான்.

"வாறவுக வாங்க. கல்லு மேல உக்காந்துக்கங்க. ஆனா கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

பஞ்சு வியாபாரி முதல் ஆளாக ஏறினார். "மூட்டைய பத்திரமாக் கொண்டாந்து சேத்துரு டிரைவரே. ஒன்னைய நம்பி பஞ்ச விடலாம், ஆள விட முடியாது" என்றார். இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். ஒச்சம்மாவும் தூக்குச்சட்டியோடு இறங்கிப் போனாள். டிரெய்லர் பலகையில் ஒரு கையை வைத்துவிட்டாள். வைத்த கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போகட்டுமாண்ணே?"

என்னிடம் எதற்குக் கேட்டாள் என்று இத்தனை வருசமாக யோசிக்கிறேன். காக்கிச் சட்டைக்காக இருக்கலாம். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் சொன்னபடி கேட்க வேண்டும் என்று வளர்த்திருப்பார்கள்.

"வேணாம்த்தா" என்றேன். "அதும் ஒரு பொட்டிதான். தூக்கிரும்."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

டிராக்டர் இறங்கியது. பெரிய சக்கரத்தின் பாதி வரை தண்ணீர் ஏறியது. வண்டி ஒரு விரற்கடைகூட அசையவில்லை. ரோட்டில் போவதுபோல் போனது. அக்கரையில் ஏறியதும் பஞ்சு வியாபாரி கல்லின் மேல் எழுந்து நின்று துண்டை எங்களைப் பார்த்துச் சுற்றினார்.

அது ஏன் மிதக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அஸ்திவாரக் கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம். அடுக்கிய கல்லுக்கு இடையில் காற்று இருந்தாலும் அதை அடைத்துவைக்க மூடி கிடையாது, டிரெய்லர் பலகை எல்லாம் சந்து. தண்ணீர் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போகும். டிராக்டருக்கு பஸ்ஸைப்போல அடைத்த கூடே இல்லை. அதன் பெரிய டயர்களில் எங்கள் பக்கம் காற்றை மட்டும் அடைப்பதில்லை, உழவில் வழுக்காமல் பிடிப்பதற்குத் தண்ணீரை நிரப்பி ஓட்டுவார்கள். பஞ்சர் கடையில் ஹோஸைச் செருகி டயருக்குத் தண்ணீர் ஏற்றுவதை நான் நூறு முறை நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் இருக்கிற தண்ணீரை எந்த ஆறு தூக்கும்? காற்றால் நிறைந்தது என் வண்டி. கல்லாலும் தண்ணீராலும் நிறைந்தது அவன் வண்டி. இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் "பொட்டி" என்று சொன்னேன். கண் முன்னால் கல் அடுக்கியிருந்தது. நான் பார்த்தது பாண்டியண்ணன் பஸ்ஸின் பின்பக்கத்தை.

ஒச்சம்மா டிராக்டர் மறையும் வரை பார்த்துவிட்டு ஏறி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கவில்லை. தானியேல், "மேல கம்பியில மாட்டிக்கலாம்க்கா" என்றான். "ஆறிப்போகும்" என்றாள். சேலைத் தலைப்பால் அதைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

மலையில் மழை விட்டது. வெயில்கூட அடித்தது. நுரை ஓரம் ஒதுங்க மாலையாகிவிட்டது. முதல் படிக்குக் கீழே தண்ணீர் இறங்கியதை நானே கம்பால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அவள் ஆத்தா வீடு ரோட்டுமேல். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தினேன். இஞ்சினை அணைத்ததும் ஒப்பாரி கேட்டது. பேருந்தின் வாசலிலேயே அவள் தம்பி நின்றான். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"டிராக்டர் வந்தப்ப உசுரு இருந்துச்சுண்ணே. பின்னாடி பஸ்ல ஒங்கக்கா வருதுன்னு அதுல வந்தவுக சொல்லிட்டுப் போனாக. ஆத்தாட்ட சொன்னேன். வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

ஒச்சம்மா படியிலிருந்து இறங்கி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "சும்மா இர்றா. அண்ணன் நல்லதுக்குத்தான் சொன்னாக."

தூக்குச்சட்டியோடு உள்ளே ஓடினாள். நான் வண்டியை எடுத்தேன். எடுத்துத்தான் ஆக வேண்டும், பயணிகள் இருந்தார்கள்.

மறுநாள் கிளை மேலாளர் கூப்பிட்டார். தடம் தாமதமானதற்கு விளக்கம். அவர் பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். மேசையில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாக விளிம்புக்கு நேராக அடுக்குவார். பேனா, ரப்பர் முத்திரை, கண்ணாடிக் கூடு. எல்லாம் நேரானால் விசாரணை முடிந்தது என்று அர்த்தம். நான் சொல்லச் சொல்ல அடுக்கிக்கொண்டே வந்தார்.

"முதப் படி நனைஞ்சதா?"

"நனைஞ்சிருக்கும் சார்."

"அப்பச் சரி." பேனா நேரானது. "டிராக்டர் எப்படிப் போச்சாம்?"

"அதிர்ஷ்டம் சார்."

"என்ன லோடு?"

"கல்லு சார். அஸ்திவாரக் கல்லு."

கை நின்றது. முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன், கேட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். "கல்லா" என்று மட்டும் சொன்னார், கேள்வியாக இல்லாமல். பிறகு கண்ணாடிக் கூட்டை நேராக்கினார். "சரி. டூட்டிக்குப் போங்க."

அந்த வாரம் அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்தது. பயணிகளின் உயிரைக் காத்த பொறுப்புணர்வு என்று பாராட்டு. தானியேல் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். எல்லாரும் கை கொடுத்தார்கள். அந்தப் பலகையைத் தவிர்ப்பதற்காக நான் கொஞ்ச நாள் பின்பக்கக் கேட் வழியாக டிப்போவுக்குள் போய்வந்தேன்.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று வந்தது. ஒச்சம்மா என் பஸ்ஸிலேயே தொடர்ந்து வந்தாள். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு. எப்போதும் எனக்குப் பின் சீட்டு. மழைக்காலத்தில் நான் பாலத்தில் வண்டியை நிறுத்தி, யாராவது முணுமுணுத்தால் அவள் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாள்.

"அண்ணன் நிப்பாட்டுனா காரணம் இருக்கும். எங்க ஆத்தா செத்தன்னைக்கு என்னைய இழுத்துப் புடிச்சு நிப்பாட்டுனாக, தெரியுமா? இல்லாட்டி எம்புள்ளைக அநாதையாப் போயிருக்கும்."

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. தொடை இடுப்பானது, இடுப்பு மார்பானது. ஒரு விரற்கடை அசையாத டிராக்டர் அவள் கதையில் தள்ளாடியது. பிறகு பாதி ஆற்றில் சாய்ந்து, கடவுள் கிருபையால் நிமிர்ந்தது. கேட்டவர்கள் மரியாதையாக என் முதுகைப் பார்ப்பார்கள். கண்ணாடியில் தெரியும். நான் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு அந்தத் தண்ணீர் அவ்வளவு ஆழமாக இருந்தாக வேண்டும். டிராக்டர் தள்ளாடியாக வேண்டும். இல்லையென்றால் அவள் ஆத்தா எதற்காக வாசலைப் பார்த்துக்கொண்டு செத்தாள்? இது புரிந்த பிறகு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கியிருக்கலாம், அவள் தலையில்.

இதைப் படிக்கும் ஓட்டுநர்களே, முதல் படி நனைந்தால் வண்டியை நிறுத்துங்கள். நீங்கள் கூட்டிவந்த ஆளை எதிலும் ஏற்றித் தண்ணீரில் அனுப்பாதீர்கள். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. இன்னொரு முறை அதே பாலம், அதே தண்ணீர் என்றாலும் பஸ்ஸை எடுக்க மாட்டேன். ஆனால் "வேணாம்த்தா" என்று சொன்னது அந்த விதிமுறையை நினைத்து அல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். தெரிந்ததைப் பயத்தில் பார்க்காமல் விட்டேன். என்னை நம்பாமல் சிரித்தவர்கள் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தேனியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பயணியாக. ஒச்சம்மா ஏறினாள். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் வேறு இடம் இருந்தும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகள், மழை, மாடு என்று எல்லாம் பேசிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி இன்னும் எங்கூடப் பேசுறதில்லண்ணே" என்றாள். "ஆத்தா திவசத்துக்குக்கூடக் கூப்புடல. அந்த டிராக்டர்ல ஏறி வந்திருக்கலாம்ல, ஏன் வரலன்னு பாக்குறவுககிட்ட எல்லாம் கேக்குறானாம். நான் எம்புட்டோ சொல்லிட்டேன்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அது போய்ச் சேந்தது அதிர்ஷ்டந்தான?"

எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அவள் முகம் மங்கலாகத்தான் இருந்தது. அவள் கேட்டது கேள்விதானா, இல்லை இத்தனை வருசமும் அவளுக்கும் தெரிந்திருந்ததா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமாத்தா" என்றேன். "அதிர்ஷ்டந்தான்."

"அதத்தேன் நானும் சொன்னேன்" என்று அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவள் இறங்கும் இடம் வந்தது. படிக்கட்டில் நின்று நடத்துநரிடம் என்னைக் கைகாட்டி, "இவுகதான் நாஞ்சொன்ன அந்த டிரைவரு, நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். எனக்கும் இறங்க வேண்டிய இடம் அதுதான். அடுத்த நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்தே போய், அங்கிருந்து நடந்து திரும்பினேன்.